முதல் நாள் காது

2023 பிப்ரவரி 9ஆம் தேதி டெபேஷ் மோட் என்ற இங்கிலாந்து இசைக்குழு 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' என்ற பாட்டை வெளியிட்டது. குழு தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முந்தைய ஆல்பமான 'ஸ்பிரிட்' 2017இல் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட ஆறு வருடம் புதுப்பாட்டு எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு துக்கமும் நடந்துவிட்டது. தொடக்கத்திலிருந்தே குழுவில் இருந்த ஆண்டி ஃபிளெட்சர் 2022 மே 26ஆம் தேதி, அறுபது வயதில், திடீரென்று இறந்துபோனார். மிஞ்சியவர்கள் பாடகர் டேவ் காஹனும் பாட்டு எழுதும் மார்ட்டின் கோரும் மட்டும்தான். குழு இத்தோடு முடிந்ததா என்று ரசிகர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 4 அன்று இருவரும் பெர்லினில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, புது ஆல்பமும் சுற்றுப்பயணமும் உண்டு என்றார்கள். அந்த ஆல்பத்திலிருந்து முதலில் வந்த சிங்கிள்தான் 'கோஸ்ட்ஸ் அகெய்ன்'.

பாட்டு வந்த அன்றே உலகெங்கும் இருந்த ரசிகர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். பழைய டெபேஷ் மோட் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1990இல் வந்த 'வயலேட்டர்' ஆல்பத்தின் பக்கத்தில் நிற்குமா என்று கேட்டார்கள் சிலர். கீழே தாழ்ந்த சுரங்களில் ஓடும் பேஸ் வரி நியூ ஆர்டர் என்ற வேறொரு குழுவை நினைவூட்டுகிறது என்றார்கள் இன்னும் சிலர். 1995இல் குழுவிலிருந்து விலகிய ஆலன் வைல்டர் திரும்பாமல் அந்தப் பழைய ஆழம் வராது என்பது பல வருடமாகச் சொல்லப்படும் குறை. அதுவும் இப்போது கேட்டது. இதெல்லாம் எதற்கு, இது ஃபிளெட்சருக்கான அஞ்சலி, கேட்டு அழுதுவிட்டேன் என்றவர்களும் நிறையப் பேர்.

எல்லோரும் கேட்டது ஏறக்குறைய நான்கு நிமிடம் ஓடும் ஒரே ஒலிப்பதிவை. ஆளுக்கு ஆள் சொன்னதோ இவ்வளவு வேறுபட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் நம்மில் பலரும் செய்துகொள்ளும் ஒரு தவறான புரிதல் உண்டு. ரசிகர் முதல் நாள் சொல்வது அந்தப் பாட்டைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அதை எண்ணிப் பார்த்து, பாராட்டு இத்தனை, குறை இத்தனை என்று கூட்டி, பாட்டு தேறியதா இல்லையா என்று முடிவும் கட்டிவிடுகிறோம். உண்மையில் அந்த முதல் வார்த்தைகள் வேறு ஒன்றை அளக்கின்றன. என்னவென்று பார்க்க, முதலில் இந்த வகை இசை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

டெபேஷ் மோட் செய்வது சின்த்-பாப். சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை நடுவில் வைத்துச் செய்யும் பாப் இசை. கிட்டாரில் கம்பி அதிர்கிறது, புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சின்தசைசரில் அப்படி அதிரும் பொருள் எதுவும் இல்லை. ஆஸிலேட்டர் என்ற மின்சுற்று ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும் மின்னலையை உண்டாக்குகிறது. அந்த அலை கரடுமுரடாக, கூர்மையாக இருக்கும். ஃபில்ட்டர் என்ற பகுதி அதில் வேண்டாத கூர்மையை நீக்குகிறது. என்வலப் என்ற பகுதி, விசையை அழுத்தியதும் ஒலி சட்டென்று எழ வேண்டுமா மெல்ல எழ வேண்டுமா, விரலை எடுத்ததும் உடனே அடங்க வேண்டுமா நீடிக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் திருகுகளால் கூட்டிக் குறைத்து ஒலியைச் செதுக்குவதுதான் சின்தசைசர் வாசிப்பவரின் முக்கியமான வேலை.

ஆகவே, பொத்தானை அழுத்தினால் இயந்திரமே பாட்டுப் போட்டுவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். டெபேஷ் மோட் 1980இல் லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள பேசில்டன் என்ற ஊரில் தொடங்கியது. அப்போது குழுவில் வின்ஸ் கிளார்க், கோர், ஃபிளெட்சர், காஹன் என்று நான்கு இளைஞர்கள். அவர்களிடம் இருந்தவை சிறிய, விலை குறைந்த சின்தசைசர்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கக்கூடியவை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். அதனால் பாடிய காஹனைத் தவிர மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மெல்லிய மெட்டை வாசித்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி, பாட்டாக்கினார்கள். 1981இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் நாம் கேட்கும் அந்தத் துள்ளலான, இடைவெளி நிறைந்த ஒலி அந்தக் கருவியின் குறையிலிருந்து பிறந்தது.

அந்தக் கருவிகள் கைக்கு அடக்கமாகவும் இருந்தன. 1981இல் 'நியூ லைஃப்' என்ற சிங்கிள் பிரிட்டிஷ் தரவரிசையில் 11ஆம் இடம் வரை போனது. பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் வாசிக்க அழைப்பு வந்தபோது, பையன்கள் சின்தசைசர்களைத் தூக்கிக்கொண்டு ரயிலில் லண்டன் போனார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்களுக்கு வழிகாட்டியவர் மியூட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டேனியல் மில்லர். அவருடைய ஏஆர்பி 2600 சின்தசைசரை அந்த முதல் ஆல்பத்தில் நிறையப் பயன்படுத்தினார்கள். அது 1971இல் சந்தைக்கு வந்த கருவி. செதுக்கிய ஒலியைச் சேமித்துவைக்கும் வசதி அதில் கிடையாது. நேற்று கிடைத்த ஒலி இன்று வேண்டுமென்றால், திருகுகளையும் இணைப்பு வயர்களையும் மறுபடி கையால் அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் அச்சு அசலாக அதே ஒலி வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் சின்த்-பாப்புக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954இல் வந்தது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் செய்கிறார்கள், அதே மாதிரி ஒலிக்கிறது. அதன் ஒலியைக் கேட்டு இன்ன வருடம் என்று சொல்வது கடினம். சின்தசைசர் அப்படி இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை புதுத் தொழில்நுட்பம் வந்து, பல குழுக்களும் அதற்கு மாறின. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்ததும், அதிலேயே செய்துவைத்திருந்த கண்ணாடி மணி போன்ற ஒலிகள் உலகம் முழுக்கப் பாட்டுகளில் புகுந்தன. அதனால் ஒரு சின்தசைசர் ஒலியைக் கேட்டதும் நம் காது அதில் ஒரு காலத்தையும் சேர்த்தே கேட்கிறது.

இனி, உறுப்பினர்கள் அறுபது வயதை எட்டிய ஒரு சின்த்-பாப் குழுவின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழைய கருவிகளை எடுத்தால், பழசையே திரும்பச் செய்கிறார்கள் என்பார்கள். இன்றைய கருவிகளை எடுத்தால், இது அவர்கள் மாதிரியே இல்லை என்பார்கள். கிட்டார் குழுவுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' பாட்டில் கோரும் காஹனும், தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டும், அவருடன் வேலை செய்த மார்த்தா சலோனியும் ஒரு நடுவழியைப் பிடித்தார்கள். சீரான தாளம், முன்னே தள்ளிக்கொண்டே போகும் பேஸ், இடையிடையே கோரின் கிட்டார் வரி, அடங்கிய குரலில் தொடங்கிப் பல்லவியில் மேலே எழும் காஹனின் பாட்டு. ஒவ்வொரு அம்சமும் எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். மொத்தமாக இந்தக் குழுவின் எந்தப் பழைய பாட்டின் நகலும் இல்லை.

பழைய ஒலி வேண்டும் என்று கேட்பவரிடம் நாம் அன்போடு திருப்பிக் கேட்கலாம்: எந்தப் பழைய ஒலி? ஏனென்றால் இந்தக் குழுவுக்கு ஒரே ஒலி இருந்ததே இல்லை. முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய வின்ஸ் கிளார்க் 1981 முடியும் முன்பே விலகிவிட்டார். இனி இந்தக் குழு எங்கே பிழைக்கப்போகிறது என்று பலரும் நினைத்தார்கள். கோர் எழுதத் தொடங்கியதும் பாட்டுகள் மெல்ல இருண்டன. 1983இல் வந்த 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' ஆல்பத்துக்காகக் கட்டுமான இடங்களில் இரும்பைத் தட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். சாம்ப்ளர் என்ற கருவி அப்படிப் பதிவான சத்தத்தை விசைப்பலகையில் பரப்பி, சுரம் சுரமாக வாசிக்க வைக்கும். துள்ளலான பையன்கள் இரும்பு அடிக்கும் குழுவாக மாறினார்கள்.

மாற்றம் அத்தோடு நிற்கவில்லை. 1989இல் 'பெர்சனல் ஜீசஸ்' வந்தபோது முன்வரிசையில் நின்றது ஒரு கிட்டார் வரி. அதுவரை சின்தசைசருக்காகவே இவர்களை நேசித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1993இல் 'ஐ ஃபீல் யூ' காதைக் கிழிக்கும் ஒரு சத்தத்தோடு தொடங்கி ராக் இசையாகவே ஓடியது. காஹன் நீண்ட கூந்தலும் தாடியுமாக வந்து நின்றார். ஒவ்வொரு திருப்பத்திலும், இது எங்கள் டெபேஷ் மோட் இல்லையே என்ற முனகல் எழுந்தது. இன்று அந்தப் பாட்டுகள் எல்லாம்தான் 'எங்கள் டெபேஷ் மோட்'. புதுப்பாட்டை எடைபோட அவற்றைத்தான் எடைக்கற்களாக வைக்கிறார்கள்.

இதில் ஒரு பாட்டின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 'என்ஜாய் த சைலன்ஸ்' இந்தக் குழுவின் அடையாளம் என்றே சொல்லலாம். 1990இல் பிரிட்டனில் 6ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 8ஆம் இடத்துக்கும் போனது. கோர் இதை முதலில் எழுதிக் கொண்டுவந்தபோது அது மிக மெதுவான பாட்டு. ஹார்மோனியம் மாதிரியான ஒலியின் மேல் ஒற்றைக் குரல், அவ்வளவுதான். ஆலன் வைல்டருக்கு அதற்குள் ஒரு நடனப்பாட்டு ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். கோருக்கு அது பிடிக்கவில்லை. அமைதியைப் பற்றிய பாட்டுக்கு எதற்கு இந்த வேகம் என்று தயங்கினார். தயாரிப்பாளர் ஃபிளட் வைல்டரின் பக்கம் நின்றார். தாளம் போட்டு, பிறகு கோரையே கிட்டார் வாசிக்கச் சொன்னார்கள். அன்று பிறந்த அந்தக் கிட்டார் வரியை இன்று மைதானமே சேர்ந்து முணுமுணுக்கிறது.

எழுதியவருக்கே முதலில் ஒட்டாத பாட்டு அது. எழுதியவரின் காதில் ஏற்கெனவே ஒரு வடிவம் உட்கார்ந்திருந்தது. புது வடிவத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் அவர் கேட்டார். நாற்பது வருட ரசிகருக்கு நடப்பதும் இதேதான். அவர் காதில் உட்கார்ந்திருக்கும் பாட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும்.

அந்தப் பாட்டுகள் அவர் காதில் எப்போது ஏறி உட்கார்ந்தன? 1989இல் மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பல வயதுக்காரர்களிடம் பல பத்தாண்டுகளின் வெற்றிப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். கேட்பவருக்கு ஏறக்குறைய 24 வயது ஆனபோது வந்த பாட்டுகள்தான் சராசரியாக மிக அதிகம் பிடித்தன. இளமையில் நடந்தவற்றை மனம் கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதை உளவியலாளர்கள் வேறு பல வழிகளிலும் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியே வந்த முதல் அறை என்று எல்லாம் குவிந்திருக்கும் வருடங்கள் அவை. அப்போது பின்னணியில் ஓடிய பாட்டுக்கும் அந்த வருடங்களின் மதிப்பு சேர்ந்துவிடுகிறது.

'வயலேட்டர்' வந்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு 2023இல் ஐம்பத்து மூன்று. அவர் புதுப்பாட்டில் தேடுவது பாதி அந்த ஒலியை, பாதி அந்த இருபது வயதை. முதலாவதை ஒரு குழு முயன்றால் தரலாம். இரண்டாவதை எந்தக் குழுவாலும் தர முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. நேசித்தவர்தான் இப்படித் தேடுவார். டி.ஏ.பென்னிபேக்கரும் கூட்டாளிகளும் இந்தக் குழுவைப் பற்றி எடுத்து 1989இல் வெளிவந்த '101' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தால் அந்த நேசம் புரியும். பாடுபவர்களுக்குச் சமமாக ரசிகர்களையும் அந்தப் படம் பின்தொடர்கிறது. இளைஞர் கூட்டம் ஒன்று பேருந்தில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, 1988 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த நிகழ்ச்சிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த மைதானத்தில் அன்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. பழைய ஆல்பங்களில் எல்லாப் பாட்டும் ஒரே தரத்தில் இருந்ததில்லை. சுமாரானவை மறந்துபோயின, நல்லவை நின்றன. வருடக்கணக்கில் காலம் சலித்து எடுத்துக்கொடுத்த பத்துப் பதினைந்து பாட்டுகளைத்தான் நாம் 'பழைய டெபேஷ் மோட்' என்கிறோம். நேற்று வந்த பாட்டு நிறுத்தப்படுவது அந்தப் பத்துப் பதினைந்தின் எதிரில். எந்தப் புதுப்பாட்டும் அந்தப் பந்தயத்தில் கொஞ்சம் பின்தங்கியே தொடங்கும்.

இதற்கு நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. விருந்தில் பாயசம் குடித்துவிட்டு, கையோடு டீயை வாயில் வைத்துப் பாருங்கள். சர்க்கரையே போடவில்லையா என்று கேட்கத் தோன்றும். டீயில் எப்போதும் போடும் அதே இரண்டு கரண்டி சர்க்கரை இருக்கிறது. நாக்கில் பாயசம் மிச்சமிருக்கிறது, அதுதான் விஷயம். அந்த நேரத்தில் டீ சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யில்லை, அந்த நாக்குக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் டீ போட்டவருக்குத் தரும் மதிப்பெண்ணாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் ரசிகரின் வார்த்தையும் இப்படித்தான். புதுப்பாட்டுக்கும் அவர் காதில் தங்கிய பழைய பாட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அவர் சொல்கிறார். தூரம் குறைவாகப் பட்டால், திரும்பி வந்துவிட்டார்கள் என்கிறார். அதிகமாகப் பட்டால், மாறிவிட்டார்கள் என்கிறார். இரண்டு வாக்கியமும் தூரத்தைப் பற்றியவை. பாட்டு நல்லதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பதில் வர ஏன் நாளாகிறது? இசை கேட்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று சதா ஊகித்துக்கொண்டே இருக்கும். தெரிந்த பாட்டில் பல்லவி வருவதற்கு முன்பே நாம் அதற்குத் தயாராகிவிடுகிறோம். எதிர்பார்த்தது வந்து சேர்வதில் ஒரு சுகம் இருக்கிறது. புதுப்பாட்டில் அந்த வரைபடம் கையில் இல்லை. பல்லவி எங்கே எழும், தாளம் எங்கே நிற்கும் என்று தெரியாமல் தட்டுத்தடுமாறிக் கேட்கிறோம். அதனால் முதல் முறை காதில் விழுவது மேலாக நிற்கும் அம்சங்கள் மட்டும்: வேகம், குரல், ஏதோ ஒன்றின் சாயல். பேஸ் நியூ ஆர்டர் மாதிரி இருக்கிறது என்பது இந்த வகை. தவறான கவனிப்பு இல்லை. ஆனால் ஊரில் புதிதாக வந்தவரைப் பார்த்து, இவர் நம் மாமா ஜாடை என்று சொல்வதோடு அவரைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடுமா?

1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அர்த்தமே இல்லாத சொற்கள், சீன எழுத்துகளைப் போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாத முகங்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஆட்களிடம் சிலவற்றைச் சில முறையும் சிலவற்றைப் பல முறையும் காட்டினார். அதிகம் பார்த்தவையே அவர்களுக்கு அதிகம் பிடித்தன. வேறு எந்தக் காரணமும் இல்லை, பழக்கம் மட்டும்தான். இசைக்கும் இது பொருந்தும் என்று பின்னால் பல சோதனைகள் காட்டின. அதற்காக எந்தப் பாட்டையும் திரும்பத் திரும்பப் போட்டால் பிடித்துவிடும் என்று ஆகாது. ஓர் அளவுக்கு மேல் சலிப்பும் வரும். முதலிலேயே அருவருத்தது மேலும் அருவருக்கலாம். எத்தனை முறை கேட்டும் சலிக்காமல் நிற்கிறதா என்பதுதான் நல்ல பாட்டின் சோதனை. கோரும் இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, தாங்கள் பதிவு செய்ததில் தனக்கே கேட்டுக் கேட்டு அலுக்காத பாட்டு அபூர்வம், இது அப்படிப்பட்டது என்ற பொருளில் சொன்னார். செய்தவரே அந்தச் சோதனையைத்தான் வைத்திருந்தார்.

இப்போது ஃபிளெட்சருக்கு வருவோம். நம் தவறான புரிதல் மிக அழகாகவும் மிக உருக்கமாகவும் தெரியும் இடம் இது. பாட்டின் பெயரில் ஆவிகள். வாழ்க்கை கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதைப் பற்றிய பாட்டு. ஆல்பத்தின் பெயர் 'மெமென்டோ மோரி', லத்தீனில் சாவை மறவாதே என்று பொருள். ஆண்டன் கோர்பைன் எடுத்த கறுப்பு வெள்ளை வீடியோவில் காஹனும் கோரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரனைக் காட்டிய இங்மர் பெர்க்மனின் 1957ஆம் வருடப் படமான 'த செவன்த் சீல்' உடனே நினைவுக்கு வரும். நண்பரை இழந்து ஒன்பது மாதம்கூட ஆகாத இருவர் இதைச் செய்தால், அஞ்சலி என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

ஆனால் வரிசை வேறு. கோர் இந்த ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பெருந்தொற்றுக் காலத்தில் எழுதினார். அறுபதாவது வயது நெருங்கி வந்தபோது எழுந்த சாவு பற்றிய யோசனைகள் அவை. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' பாட்டை த சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவின் பாடகர் ரிச்சர்ட் பட்லரோடு சேர்ந்து எழுதினார். ஆல்பத்தின் பெயரும் ஃபிளெட்சர் உயிரோடு இருந்தபோதே முடிவானது. ஒலிப்பதிவு தொடங்கச் சில வாரங்கள் இருந்தபோதுதான் அவர் இறந்தார். மரணத்தைப் பற்றிய பாட்டுகள் தயாராகக் காத்திருந்தன, மரணம் பிறகு வந்தது.

குழு அவரை நினைவுகூர்ந்த விதத்தையும் கவனியுங்கள். ஃபிளெட்சர் பாட்டு எழுதியவர் இல்லை, பெரிய வாத்தியக்காரரும் இல்லை. '101' படத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, தான் சும்மா சுற்றிவருவதாகச் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் பலகாலம் கணக்கு வழக்கைக் கவனித்து, ஆட்களையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தவர் அவர். 'மெமென்டோ மோரி' சுற்றுப்பயணத்தில் மேடையின் பெரிய திரையில் அவர் முகம் தோன்றியது 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாட்டின்போது. 1990இல் வந்த பாட்டு அது, ஃபிளெட்சருக்கு மிகவும் பிடித்தது. ரசிகர்கள் அஞ்சலியாக எடுத்துக்கொண்டது புதுப்பாட்டை. குழு அஞ்சலிக்கு எடுத்ததோ நண்பர் விரும்பிய பழைய பாட்டை.

அப்படியானால் முதல் நாள் அழுத ரசிகர் ஏமாந்துவிட்டாரா? இல்லை. காஹன் அந்த வரிகளைப் பாடிப் பதிவு செய்தது நண்பர் போன பிறகுதான். எழுதிய அன்று பொதுவாக இருந்த சொற்கள், பாடிய அன்று ஒருவரைச் சுற்றி நின்றன. பாட்டு எழுதியவரின் கையை விட்டுப் போனதும், பாடுபவரும் கேட்பவரும் தம்மிடம் இருப்பதை அதில் சேர்க்கிறார்கள். அழுதவர் சேர்த்தது அவருடைய இழப்பை. பழைய ஒலி வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர் சேர்த்தது தன் இளமையை. வைல்டர் இல்லையே என்றவர் சேர்த்தது, தான் உயிராகக் கேட்ட நான்கைந்து ஆல்பங்களை. பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் தங்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள், உண்மையாகவும் சொன்னார்கள்.

இதனால் ரசிகர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது வருடம் ஒரு குழுவைக் கேட்ட காதுக்குத் தெரிவது விமர்சகருக்குக்கூடத் தெரியாது. அதிலிருந்து இரண்டு வகைப் பேச்சைப் பிரித்தெடுக்கத் தெரிந்தால் போதும். கிட்டார் எங்கே நுழைகிறது, குரல் எங்கே ஏறுகிறது, எந்தப் பாட்டின் சாயல் எங்கே அடிக்கிறது என்பவை கவனிப்புகள். முதல் நாளிலும் இவற்றை நம்பலாம், புதிதாகக் கேட்பவருக்கு இவை நல்ல வழிகாட்டி. இதுவரை வந்ததிலேயே சிறந்தது, இத்தோடு முடிந்தது என்பவை தீர்ப்புகள். இவற்றுக்குக் கொஞ்சம் ஆறப்போடும் நேரம் தேவை.

நீங்கள் நேசிக்கும் ஒரு குழு பல வருடம் கழித்து ஒரு பாட்டோடு வரும்போது இதை முயன்று பாருங்கள். அன்று அவர்களுடைய பழைய பாட்டு எதையும் கேட்காதீர்கள். புதுப்பாட்டை ஒரு வாரத்தில் சில முறை, வேலைக்கு நடுவே, இரவில், பயணத்தில் என்று வெவ்வேறு நேரங்களில் போடுங்கள். ஒரு முறை பேஸ் வரியை மட்டும் தொடருங்கள், இன்னொரு முறை குரலை மட்டும். ஒரு வாரம் கழித்து, யாரும் போடாமலே பாட்டின் ஏதாவது ஒரு துண்டு தானாக மனதில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது உங்களிடம் தங்கிவிட்டது. அப்போது பழைய ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சு நியாயமாக இருக்கும்.

'மெமென்டோ மோரி' ஆல்பம் 2023 மார்ச் 24 அன்று வந்து பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் ஜெர்மனியில் முதல் இடத்தையும் பிடித்தது. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' அந்தச் சுற்றுப்பயணத்தில் 'என்ஜாய் த சைலன்ஸ்' ஒலித்த அதே மேடைகளில், அதே இரவுகளில் ஒலித்தது. அந்த வருடம் இருபது வயதில் முதன்முறையாக இந்தக் குழுவைக் கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் பாட்டு. இன்னும் முப்பது வருடம் கழித்து வேறொரு குழு திரும்பி வரும்போது, அவர்கள் இதைக் காட்டி, அந்தப் பழைய ஒலி எங்கே போயிற்று என்று கேட்பார்கள். ஆகவே ரசிகர் முதல் நாள் சொல்வதை மனம் திறந்து கேட்போம், அதில் ஒரு மனிதரின் வயதும் நினைவும் பாசமும் இருக்கின்றன. பாட்டு எப்படி என்று மட்டும் அவரிடமே இன்னொரு முறை, பத்து நாள் கழித்துக் கேட்போம்.